தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்கள வளக்குற எங்களுக்கு யாருங்க சொல்லித் தருவா? குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்பான்சர்ஷிப் (குடும்பத்துல வளர்ற புள்ளைக்கு மாச உதவி), ஃபாஸ்டர் கேர் (வேற குடும்பம் புள்ளைய எடுத்து வளக்குறது), குழந்தைகள் பாதுகாப்பு இதெல்லாம் பாக்குற மாநில, மாவட்ட அதிகாரிங்க எல்லாருக்கும்,

கார்டியன்களுக்கு விழிப்புணர்வு கூட்டம்னு போன் பண்ணி வரச் சொன்னீங்க. வேலை நாள், காலைல பத்து மணி, வரலைன்னா இந்த மாசம் பணம் ஏறாதுன்னு போன்லயே சொல்லிட்டீங்க, சரின்னு வந்தோம். ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் முதல் பக்கம், ஸ்கூல் போனஃபைட், ரேஷன் கார்டு எல்லாம் சரி பாத்தீங்க. அப்புறம் ஒருத்தர் மைக் புடிச்சு செல்போன் ஆபத்து பத்தி பேசிட்டு, கடைசில "அப்பா அம்மா இல்லாத புள்ளையாச்சேன்னு செல்லம் குடுத்தீங்கன்னா நாளைக்கு ரவுடியாத்தான் வந்து நிப்பான், கண்டிச்சு வளங்க"ன்னு முடிச்சாரு, கை தட்டச் சொன்னாங்க. பின் வரிசைல இருந்து வயசான அம்மா ஒருத்தங்க எந்திரிச்சு, பேத்தி ராத்திரி ஆனா கத்திக் கத்தி அழுவுதுங்க, தொட்டா அடிக்குது, என்ன பண்றதுன்னே தெரியலீங்கன்னு கேட்டாங்க. "அதெல்லாம் போகப்போக சரியாயிடும் பாட்டி, ரெஜிஸ்டர்ல கைநாட்டு வச்சுட்டு போங்க." இதான் கெடச்ச பதில். போட்டோ எடுத்தாங்க, லெமன் சாதம் பொட்டலம் குடுத்தாங்க, முடிஞ்சுது.

எந்த ஊரு ஆபீஸுன்னு எழுதப் போறதில்ல. ஒரு ஆபீஸ் மேல புகார் குடுத்து ரெண்டு பேருக்கு மெமோ வாங்கிக் குடுக்குறது என் நோக்கம் இல்ல, வேற மாவட்டத்துல இருக்கிற என்னை மாதிரி ஆளுங்ககிட்ட பேசினப்பவும் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரலைன்னுதான் சொன்னாங்க. அதனால, இந்தப் புள்ளைங்கள வளக்க எங்களுக்குப் பயிற்சி வேணும்னு எல்லாருக்குமா சேத்து எழுதுறேன்.

நான் பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலர். எங்க அக்கா 2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலைல போயிட்டா, மாமா அதுக்கு முன்னாடியே லாரி ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. அக்காவோட பொண்ணும் பையனும் அன்னைலருந்து என்கிட்டதான், எனக்கும் சொந்தமா ஒரு பையன் இருக்கான், வீட்ல எங்கம்மாவும் இருக்காங்க. லைன் வீடு, ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு.

பணம் வரலைன்னு நான் சொல்ல மாட்டேன். கொரோனால தாய் தகப்பன் ரெண்டு பேரையும் இழந்த குழந்தை, இல்லன்னா ஒருத்தர் முன்னாடியே போயி இன்னொருத்தரை கொரோனால இழந்த குழந்தை பேர்ல 5 லட்சம் டெபாசிட், சொந்தக்காரங்க வளத்தா 18 வயசு வரைக்கும் மாசம் 3,000 ரூபாய்னு 2021 மே கடைசில தமிழ்நாடு அரசாங்கம் அறிவிச்சுது. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஸ்பான்சர்ஷிப் மாசம் 4,000, அதுக்கு வருமானம் கிராமத்துல வருஷத்துக்கு 72,000, மத்த ஊருல 96,000 தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர்ல அன்புக்கரங்கள்னு இன்னொன்னு வந்துச்சு, அது மாசம் 2,000. இதெல்லாம் இல்லாம எங்க மாதிரி வீடுங்க ஓடாது, நன்றி கெட்டத்தனமா பேசல. ஆனா அந்த 5 லட்சம் பேங்க்ல பத்திரமா தூங்கும், 18 வயசுல வந்து அதை வாங்குற புள்ளை அதுவரைக்கும் எப்படி வளந்துச்சு, ராத்திரி தூங்குச்சா, யாரையாவது நம்புச்சான்னு பாக்க உங்க ஃபார்ம்ல ஒரு கட்டம் கூட இல்லீங்களே.

சின்னவனுக்கு அப்ப நாலு வயசு. வந்த கொஞ்ச நாள்ல தட்டுல வைக்குற இட்லில ஒன்னு காணாமப் போகும், பாத்தா டவுசர் பாக்கெட்ல இருக்கும். தலகாணி உறைக்குள்ள முறுக்கு, ஸ்கூல் பேக்ல மத்தியானம் போட்ட முட்டை, பாய்க்கு அடில பிஸ்கட், வீடு பூரா எறும்பு. திருட்டுப் புத்தின்னாங்க அக்கம்பக்கத்துல. சூடு வையின்னு கூட ஒரு பெரியவர் சொன்னாரு. அக்காவை ஆஸ்பத்திரில சேத்ததும் அந்தப் புள்ளைங்க ரெண்டும் வீட்டுக்குள்ளயே கெடந்துச்சுங்க, தெருவே அடைச்சிருந்துச்சு, கம்பி கட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க வாசப்படில சோத்தை வச்சுட்டு தூர நின்னு கூப்புடுவாங்க, சில வேளை வரும், சில வேளை வராது. அந்த வயசுல அதைப் பாத்தவன் நாளைக்கு சோறு வருமோ வராதோன்னு ஒளிச்சு வைக்காம வேற என்ன செய்வான்? ஜிஹெச்ல மனநலப் பிரிவு ஓ.பி.ல இருந்த ஒரு டாக்டரம்மாதான் இதை எனக்குப் புரிய வச்சாங்க. அவனுக்குன்னு ஒரு டப்பா வையுங்க, கைக்கு எட்டுற எடத்துல வையுங்க, அது காலியாகாம பாத்துக்கோங்க, எடுத்தா ஏன்டான்னு கேக்காதீங்க, அவ்ளோதான். பொட்டுக்கடலை, வெல்லம், வர்க்கி ரொட்டின்னு போட்டு வச்சேன். மொதல்ல டப்பாவையே கட்டிப்புடிச்சுட்டு தூங்குனான். மாசக்கணக்குல ஆச்சு, அப்புறம் தானா நின்னுடுச்சு, இப்ப அந்த டப்பாவுல என் பையன்தான் கை வைக்குறான்.

அடிக்காம, பேசாம, ஒரு டப்பாவுல தீந்த விஷயம் இது. அந்த டாக்டரம்மாவை நான் பாத்தது தற்செயல், அவனுக்கு காய்ச்சல்னு போனப்ப நர்ஸ் ஒருத்தங்க இந்தப் பக்கம் போய் கேளுங்கன்னு கை காட்டினதால. கை காட்டாம விட்டிருந்தா அவன் இன்னிக்கு தெருவுல திருடன்னு பேரெடுத்திருப்பான். எத்தனை வீட்ல கை காட்ட ஆள் இல்லைன்னு யோசிங்க.

இந்த மாதிரி வளக்குறதுக்கு தெரபியூட்டிக் பேரன்ட்டிங்னு பேரு, அதை அந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனசு அடிபட்ட புள்ளையோட முரட்டுத்தனத்துக்கு பின்னாடி பயம் இருக்கும், பயத்துல இருக்குறப்ப புத்திமதி உள்ள ஏறாது, மொதல்ல பக்கத்துல உக்காந்து அதை அடங்க விடு, அப்புறம் பேசு, தனியா ரூம்ல போட்டு பூட்டாத, தெனமும் ஒரே நேரத்துக்கு ஒரே மாதிரி நடந்துக்கோ, சண்டை வந்தா அன்னைக்கே நீயே போயி சமாதானம் ஆகு. டான் ஹியூஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் தத்து புள்ளைங்க, ஃபாஸ்டர் புள்ளைங்களோட வேலை செஞ்சு நாலு குணம் சொல்லிருக்காரு, விளையாட்டா இருக்குறது, அந்தப் புள்ளை மனசுல ஓடுறதை அப்படியே ஏத்துக்குறது, ஏன் இப்படி செய்யுதுன்னு கோவப்படாம தெரிஞ்சுக்கப் பாக்குறது, அது படுற வலியில கூட நிக்குறது. இதுல காசு செலவாகுற சமாச்சாரம் எதுவும் இல்ல. ஆனா கேக்க சுலபமா இருக்குற அளவுக்கு செய்ய சுலபம் இல்லீங்க, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு முதுகு ஒடிஞ்சு வீட்டுக்கு வர்றவளை ஒருத்தன் கடிச்சு வைக்குறப்போ "இவன் ஏன் இப்படி செய்யுறான்"னு நிதானமா யோசிக்குறதுக்கு பழக்கம் வேணும், பக்கத்துல கேக்க ஆள் வேணும். எங்க கம்பெனில புதுசா வர்ற புள்ளைய ஓவர்லாக் மெஷின்ல சும்மா உக்கார வைக்க மாட்டாங்க, வேஸ்ட் துணில ஓட்ட விட்டு, பழைய டைலர் ஒருத்தங்க பக்கத்துல நின்னு கை புடிச்சுக் குடுத்துதான் பீஸை கைல குடுப்பாங்க. எங்க கைல நீங்க குடுத்திருக்கிறது உசுரு.

கடிச்சதைச் சொன்னேனே, அதுவும் கேளுங்க. பஸ் லேட்டாகி நான் கொஞ்சம் தாமதமா வந்தா போதும், சின்னவன் சாமானை எல்லாம் எடுத்து எறிவான், என்னையே அடிப்பான், கடிப்பான். ரொம்ப நாள் கழிச்சு அவனே சொன்னான், "நீயும் ஆஸ்பத்திரிக்கு போயிட்டேன்னு நெனச்சேன் சித்தி." அதுக்கப்புறம் டீ டைம்ல சூப்பர்வைசர் போன்ல இருந்து ஒரு நிமிசம் பேசுறேன், லேட்டாகும்னா முன்னாடியே சொல்லிடுறேன், என் பழைய துப்பட்டா ஒன்னு அவன்கிட்டயே இருக்கு. சூப்பர்வைசர் நல்ல மனுசன், போன் குடுக்குறாரு. எல்லா கம்பெனிலயும் குடுக்க மாட்டாங்க.

பெரியவ கதை வேற, அதுதான் எனக்கு அதிக பயம். அவ எந்த வம்பும் பண்ணல. பாத்திரம் தேய்ப்பா, தம்பிக்கு தலை சீவுவா, நல்ல மார்க் எடுப்பா, அழ மாட்டா. ஸ்கூல்ல பாராட்டுனாங்க, சொந்தத்துல எல்லாரும் "பாரு எவ்ளோ பொறுப்பு"ன்னாங்க. அவ வயசுக்கு வந்தப்போ சீர் வைக்கணும்னு மாமன் வீட்ல எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு, அம்மா எடத்துல என்னை உக்காரச் சொன்னாங்க, மஞ்சத் தண்ணி ஊத்துற நேரத்துல அந்தப் புள்ளை அப்படியே விறைச்சுப் போயி நின்னுது பாருங்க, கூப்புட்டா காது கேக்கல, கை ஐஸ் மாதிரி. கண்ணு பட்டுடுச்சுன்னு சுத்திப் போட்டாங்க. அத்தனை வருஷமா தொண்டைல நின்ன அழுகை அது. முரண்டு புடிக்குற புள்ளைக்காவது யாராவது டாக்டரைத் தேடுவாங்க, சமத்தா இருக்குற புள்ளைய யாரு தேடுவா? கூட்டம் போட்டு அன்னைக்கு இதைச் சொல்லிருந்தீங்கன்னா அந்த ஹால்ல இருந்த பாதிப் பேருக்கு அவங்கவங்க வீட்டு சமத்துப் புள்ளை ஞாபகம் வந்திருக்கும்.

அம்மா எங்கன்னு சின்னவன் கேட்டப்போ எங்கம்மா "ஊருக்கு போயிருக்கா கண்ணு"ன்னு சொல்லிட்டாங்க. அந்த நேரத்துல வேற என்ன சொல்றதுன்னு யாருக்குத் தெரியும்? அக்கா ஒடம்பை நாங்களே சரியா பாக்கல, பிளாஸ்டிக்ல சுத்தி நேரா மயானத்துக்கு கொண்டு போயிட்டாங்க, ஒப்பாரி இல்ல, கூட்டம் இல்ல, புள்ளைங்க கண்ணால எதையும் பாக்கல. அப்ப அவன் காத்திருப்பான்ல, காத்திருந்தான். செத்துட்டாங்கங்கறதை ஒரு சின்னப் புள்ளைக்கு எந்த வார்த்தைல சொல்றது, அது திரும்பத் திரும்ப கேட்டா திரும்பத் திரும்ப எப்படி சொல்றதுன்னு ஒரு ஆள் எங்கம்மாவுக்கு சொல்லிக் குடுத்திருக்கணும். எங்கம்மாவும் பெத்த பொண்ணை பறிகுடுத்தவங்கதானே. இதை நீங்க மறந்துடுறீங்க. வெளியாள் ஒருத்தர் ஃபாஸ்டரா ஒரு புள்ளைய எடுக்குறப்ப அவங்க மனசு தெளிவா இருக்கும், தயாராகி எடுக்குறாங்க. நாங்க அதே சாவுல அழுதுட்டு இருக்கப்பவே புள்ளைய இடுப்புல வாங்குனவங்க. புள்ளையோட அப்பா வீட்டாளுங்க டெபாசிட்டைப் பத்தி கேட்டு வந்து நிப்பாங்க, பெத்த புள்ளை "அவனுக்கு மட்டும் டப்பாவா"ன்னு கேக்கும், வீட்டுக்காரர் மூஞ்சி ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். எங்களுக்குன்னு பயிற்சின்னா இதெல்லாம் அதுல இருக்கணும்.

இப்ப சட்டத்துக்கு வரேன், நானும் கொஞ்சம் படிச்சுப் பாத்தேன். 2015 ஜே.ஜே. ஆக்ட், அதான் சிறார் நீதிச் சட்டம், குழந்தைக்கு குடும்பம்தான் முதல், ஹோம்ல, அதாவது குழந்தைகள் இல்லத்துல, சேக்குறது கடைசி வழின்னு சொல்லுது, ரொம்ப சரி. அதே சட்டத்துல 53-வது பிரிவு, ஹோம்ல இருக்குற குழந்தைக்கு என்னென்ன சேவை தரணும்னு பட்டியல் போட்டு அதுல மனநல உதவி, கவுன்சலிங் எல்லாம் சேத்திருக்கு. ஃபாஸ்டர் கேர்னா பெத்த குடும்பம் இல்லாத வேற குடும்பம்னு விளக்கம் குடுக்குது, அவங்களுக்கு தேர்வு இருக்கு, குழந்தைகள் நலக் கமிட்டி மாசாமாசம் போயி பாக்கணும்னு இருக்கு. ஃபாஸ்டர் கேருக்கு 2016-ல ஒரு வழிகாட்டி, 2024-ல அதைத் திருத்தி தனியா இருக்குறவங்களும் ஃபாஸ்டர் எடுக்கலாம்னு இன்னொன்னு. நல்லதுதான். நடுவுல நாங்க எங்க நிக்குறோம்? ஹோம்ல இருந்திருந்தா அதே பையனுக்கு கவுன்சலிங் சட்டப்படி உரிமை, சித்தி வீட்ல இருக்குறதால அவனுக்கு பாஸ்புக் என்ட்ரி மட்டும். குடும்பம்தான் முதல்னு சொல்ற அரசாங்கம் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்த புள்ளைக்கு கம்மியா குடுக்குறது எந்த ஊர் நியாயம்ங்க?

பயிற்சி குடுக்க ஆள் இல்லைன்னு சொல்லாதீங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில சம்வாத்னு ஒரு அமைப்பு, மத்திய பெண்கள் குழந்தைகள் அமைச்சக ஆதரவுலதான் நடக்குது, குழந்தைகள் பாதுகாப்புல வேலை செய்யுறவங்களுக்கு அடிபட்ட புள்ளைங்ககிட்ட எப்படிப் பேசணும்னு பழக்குறாங்க. உங்க ஆளுங்களுக்கு அந்தப் பயிற்சி கெடைக்கட்டும், சந்தோஷம். ஆனா உங்க ஆளு அந்தப் புள்ளைய வருஷத்துல எத்தனை மணி நேரம் பாப்பாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு பாயை நனைச்சுட்டு நடுங்குறவனை தூக்குறது எங்கம்மா. பயிற்சி அவங்க வரைக்கும் வரணும். மனநல உதவிக்கான 14416 நம்பருக்கும் நான் போன் பண்ணிருக்கேன், பொறுமையா பேசினாங்க, மனசு லேசாச்சு, ஆனா போன் பண்றப்ப எல்லாம் வேற வேற ஆளுகிட்ட அக்கா செத்த கதைல இருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல.

யூடியூப்லயும் தேடிப் பாத்தேன். இங்கிலாந்துல பேரப்புள்ளைங்கள வளக்குற பாட்டிங்க பேசுறாங்க, சப்டைட்டில் போட்டு பாத்தேன், அழுகையே வந்துடுச்சு, அப்படியே எங்க வீடு. ஆனா கோவம் வந்தா புள்ளைய அமைதியான தனி அறைக்கு கூட்டிட்டு போங்க, தோட்டத்துல நடங்கன்னு சொல்றாங்க. எனக்கு தனி அறைன்னா காமன் பாத்ரூம்தான். அங்க கவர்மென்ட்டு தத்து எடுத்தவங்களுக்கும் இந்த மாதிரி சொந்தக்காரங்களுக்கும் தெரபிக்குன்னே ஒரு நிதி வச்சிருக்கு, 2025 ஏப்ரல்ல ஒரு புள்ளைக்கு வருஷம் 5,000 பவுண்டுன்னு இருந்த வரம்பை 3,000-மா வெட்டுனதுக்கு அந்த ஊர் ஆளுங்க கொதிச்சு எழுந்தாங்க. எங்களுக்கு வெட்டுறதுக்குக் கூட ஒன்னும் இல்ல.

ஸ்கூலைப் பத்தி ஒரு வரி. "அம்மாவுக்கு கடிதம்"னு கட்டுரை எழுதச் சொன்னப்போ சின்னவன் நோட்டைக் கிழிச்சுட்டான், வெளில முட்டி போட வச்சாங்க. அடிக்கறதும் மனசை நோகடிக்கறதும் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, அது ஒரு பக்கம் கெடக்கட்டும், அந்த டீச்சருக்கும் யாரும் சொல்லித் தரலைங்கறதுதான் விஷயம்.

இன்னொரு உண்மையும் சொல்லணும், இதை யாரும் உங்க முன்னாடி சொல்ல மாட்டாங்க. நாங்க உங்ககிட்ட கஷ்டத்தை சொல்ல பயப்படுறோம். சமாளிக்க முடியலீங்கன்னு சொன்னா "அப்ப ஹோம்ல விட்டுடுங்க"ன்னு சொல்லிடுவீங்களோ, பணத்தை நிறுத்திடுவீங்களோன்னு பயம். அதனால வீட்டு விசிட்டுக்கு நீங்க வந்தா புள்ளைக்கு நல்ல சட்டை போட்டு, நல்லாருக்கான் சார்னு சொல்லி அனுப்பிடுறோம், நீங்களும் நல்லாருக்குன்னு எழுதிட்டு போயிடுறீங்க. அப்படி ஒரு வீட்ல நல்லாருக்கு நல்லாருக்குன்னு எழுதிட்டே வந்து கடைசில ஒரு தாத்தா தாங்க முடியாம பேரனை கொண்டாந்து ஹோம்ல விட்டதை நான் பாத்தேன். அந்தப் புள்ளைக்கு அது ரெண்டாவது சாவு. தாத்தாவை குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

நான் கேக்குறது இதுதான்.

பயிற்சியை ஞாயித்துக்கெழமை வைங்க, நாங்க இருக்குற வார்டுலயே, ஊர்லயே, அங்கன்வாடி இருக்கு, ஸ்கூல் இருக்கு, பூட்டிக் கெடக்கு. வேலை நாள்ல கலெக்டர் ஆபீஸ் பக்கம் கூப்புட்டா அன்னைக்கு கூலி போச்சு, அப்படிக் கூப்புட்டே ஆகணும்னா கூலியும் பஸ் காசும் குடுங்க, புள்ளைங்களப் பாத்துக்க அங்கயே ஆள் வைங்க. ஒரு நாள் கூட்டம் வேண்டாம், ஹால் நெறைய ஆள் வேண்டாம், பத்துப் பன்னெண்டு பேர் வட்டமா உக்காந்து பேசுற மாதிரி, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, ஆறு மாசமாவது நடக்கணும், முடிஞ்சப்புறமும் அதே குழு மாசம் ஒருக்கா கூடணும். நடத்துறதுக்கு பயிற்சி எடுத்த ஒருத்தர், கூட எங்களை மாதிரி புள்ளை வளத்து ஆளாக்கின ஒரு பாட்டியோ அத்தையோ, அவங்களுக்கும் சம்பளம் போட்டு. பேச்சுத் தமிழ்ல இருக்கணும், எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஆடியோவா வாட்ஸப்ல வரணும், ஒத்தை ரூம் வீட்டுக்கு ஆகுற மாதிரி இருக்கணும். சாவை எப்படி சொல்றது, ஒளிச்சு வைக்குற புள்ளை, கடிக்குற புள்ளை, பேசவே பேசாத சமத்துப் புள்ளை, குடிச்சுட்டு வந்து வாசல்ல நிக்குற அப்பா, வளக்குறவங்களோட சொந்த துக்கம், இதெல்லாம் பாடமா வைங்க. நிம்ஹான்ஸ் ஆளுங்களோட உக்காந்து தமிழ்ல தயார் பண்ணுங்க, பண்றப்ப எங்கள்ல நாலு பேரையும் கூப்புடுங்க.

புள்ளைய எங்ககிட்ட குடுத்த மொத மாசத்துக்குள்ள விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுக்கு வரணும், ஃபைலோட இல்ல, புள்ளையோட தரைல உக்காந்து பேசுறதுக்கு. மாவட்டத்துக்கு ஒரு போன் நம்பர், எடுக்குற ஆள் அடிக்கடி மாறக் கூடாது. கமிட்டி ஆர்டர் வாங்குனவங்க மட்டும்னு இல்லாம, ஸ்பான்சர்ஷிப், அன்புக்கரங்கள் வாங்குறவங்க, ஒரு பேப்பரும் இல்லாம பேரப்புள்ளைங்கள வளத்துட்டு இருக்குற பாட்டிங்க எல்லாருக்கும் இது திறந்திருக்கணும். ஸ்கூல்ல ஒரு டீச்சராவது இதுல உக்காரணும். கஷ்டம்னு வாய் திறந்து சொன்னதுக்காக பணம் நிக்காது, புள்ளைய பிரிக்க மாட்டோம்னு எழுத்துல ஒரு சர்க்குலர் போட்டு ஒவ்வொரு ஆபீஸ்லயும் தமிழ்ல ஒட்டுங்க. அப்புறம் மேடைல "கண்டிச்சு வளங்க"ன்னு பேசுறவங்களை தயவுசெஞ்சு எங்க கூட்டத்துக்கு கூப்புடாதீங்க.

இதுல எது எப்ப நடக்கும், எது நடக்காது, நடக்காதுன்னா ஏன்னு வர்ற ஜூன்ல ஸ்கூல் தெறக்குறதுக்குள்ள எழுத்துல பதில் வேணும். பதில் எனக்கு மட்டும் வேண்டாம், உங்க லிஸ்ட்ல இருக்குற எல்லா கார்டியன் நம்பருக்கும் அனுப்புங்க, கூட்டத்துக்கு கூப்புட அந்த நம்பர் எல்லாம் உங்ககிட்ட இருக்கு.

இப்படிக்கு,
அக்கா புள்ளைங்க ரெண்டு பேரை வளக்குற ஒரு சித்தி